மாடி ஹாலுக்காக ஆடிய ஆட்டம்

ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தபோது நீரஜா இரண்டு டிரங்குப் பெட்டிகளோடு, மயிலாப்பூரில் அவள் உறவில் வேறெந்தப் பெண்ணுக்கும் தெரியாத ஒரு சங்கதியையும் கொண்டுவந்தாள். அவளுக்குப் போக்கர் ஆடத் தெரியும்.

ரங்கூனில் அவள் கணவன் ஸ்ரீரங்கனுக்கு ஓர் அரிசிக் கம்பெனியில் வேலை. அங்கே மழை பிடித்தால் மாதக்கணக்கில் விடாது. மாடியில் குடியிருந்த கப்பல் இன்ஜினீயரின் மனைவிக்குப் பேச்சுத்துணை வேண்டியிருந்தது. கீழே இருந்த நீரஜாவைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தாள். 1930-ல் அந்த ஊரில் கலவரம் வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு மதராஸ் திரும்பினார்கள். கொஞ்ச காலம் மயிலாப்பூரில் மாமனார் வீடு. பிறகு மாம்பலத்தில், பனகல் பார்க்குக்கு இரண்டு தெரு தள்ளிச் சொந்த வீடு. அப்போது அந்தப் பக்கத்தில் வீடுகளைவிட மனைக் கற்கள்தான் அதிகம். ஏரியாக இருந்த நிலம். மழை பெய்தால் தவளைச் சத்தத்தில் எதிரே இருப்பவர் பேசுவது காதில் விழாது.

போக்கரில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. ஆளுக்கு ஐந்து சீட்டு. வேண்டாததைக் கீழே போட்டுவிட்டு ஒரே ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம். ஜோடி சேர்ந்தால் நல்லது, மூன்று ஒரே மாதிரி வந்தால் இன்னும் நல்லது, ஐந்தும் ஒரே இனமாக அமைந்தால் அதைவிட நல்லது. ஆனால் சீட்டைக் காட்டுவதற்கு முன்னால் பந்தயம் கட்ட வேண்டும். ஒருவர் கட்டியதற்கு மற்றவர் ஈடு கட்டாமல் சீட்டைக் கவிழ்த்துவிட்டால், கட்டியவர் எதையும் காட்டாமலே அத்தனையையும் அள்ளிக்கொள்ளலாம். ஆகவே கையில் ஒன்றும் இல்லாதவனும் எல்லாம் இருப்பதுபோல நடந்துகொண்டு ஜெயிக்க வழி உண்டு. நீரஜாவுக்கு இந்த இடம்தான் பிடித்தது. சின்ன வயதிலிருந்து பொய் சொல்லாதே, பொய் சொல்லாதே என்று கேட்டு வளர்ந்தவளுக்கு, பொய் சொன்னால் கைதட்டும் ஓர் இடம் கிடைத்துவிட்டது.

மாம்பலத்தில் குடியேறியவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஆண்களுக்கு முன்கட்டு, பெண்களுக்குப் பின்பக்கம் சைக்கிள் நிறுத்தத் தகரம் போட்ட ஒரு கொட்டகை. சனிக்கிழமை பிற்பகல்களில் பெண்கள் அங்கே கூடினார்கள். டாக்டர் வீட்டு விஜயலக்ஷ்மி அம்மாள் தலைவி. தேனாம்பேட்டையிலிருந்து திரை போட்ட குதிரை வண்டியில் கைசர் ஜஹான் வருவாள். அவள் கணவருக்கு அத்தர் வியாபாரம். வண்டி வருவதற்கு முன்னாலேயே வாசனை வந்துவிடும் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். நீரஜா இவர்களுக்கெல்லாம் போக்கர் கற்றுக் கொடுத்தாள். பந்தயத்துக்குப் புளியங்கொட்டை.

“காசு கிடையாதில்ல? அப்ப நானும் ஆடறேன்” என்று கைசர் ஜஹான் சொன்னாள். “காசு வெச்சா எனக்கு ஆகாது.”

கற்றுக் கொடுத்தவளே தோற்றாள். அதுவும் விஜயலக்ஷ்மி அம்மாளிடம், வாரம் தவறாமல். நீரஜா கையில் ஒன்றுமில்லாமல் கொட்டைகளைக் குவிப்பாள். விஜயலக்ஷ்மி அம்மாள் ஒரு பிசாத்து ஜோடியை வைத்துக்கொண்டு, “என்னதான் வச்சிருக்கேன்னு பாத்துடறேனே” என்று ஈடு கட்டிவிடுவாள். நீரஜாவுக்குக் கோபம் தலைக்கேறும். இப்படி ஆடினால் இது ஆட்டமா என்று ஒரு நாள் வெளியே வந்து முணுமுணுத்தாள்.

கைசர் ஜஹான் வண்டியில் ஏறப்போனவள் நின்றாள். “கோச்சுக்காதீங்க நீரஜாம்மா. அவங்களுக்கு ஜெயிக்கிறது முக்கியமில்ல, உங்க சீட்டைப் பாக்கணும். அவ்ளோதான். அவங்க கிட்ட போயி எதுக்குப் பொய் சொல்றீங்க? நெஜமா நல்ல கை வந்தா அன்னிக்கு நெறைய கட்டுங்க. பாக்குறதுக்காகவே குடுப்பாங்க.”

நீரஜா அன்று மாலை முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் தன் கையிலுள்ள சீட்டைப் பார்த்தே ஆடியிருக்கிறோம், எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்க்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. அடுத்த வாரம் கைசர் ஜஹான் சொன்னபடியே செய்தாள். விஜயலக்ஷ்மி அம்மாளின் கொட்டை முழுவதும் அவள் பக்கம் வந்து சேர்ந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது, கால் தரையில் பாவாத மாதிரி ஒரு சந்தோஷம்.

அதற்குப் பிறகு அவளுக்கு எல்லாரும் ஆட்டக்காரர்களாகத் தெரிய ஆரம்பித்தார்கள். ஸ்ரீரங்கனும் சங்கத்தில் ஆண்களோடு போக்கர் ஆடுவான், அங்கேயும் கொட்டைதான். அவனுக்கு நல்ல சீட்டு வந்தால் காது சிவந்துவிடும். அதனால் அவன் கட்டினால் ஒருவரைத் தவிர எல்லாரும் கவிழ்த்துவிடுவார்கள். தோற்றுவிட்டு வந்து சாப்பிடும்போது ஒவ்வொரு கையையும் அவளிடம் விஸ்தாரமாகச் சொல்லுவான்.

“காரியதரிசி ராகவன் இன்னிக்கும் விடலை. நான் மூணு ராஜா வச்சுண்டிருக்கேன்னு என் மூஞ்சியிலயே எழுதியிருந்தது. தெரிஞ்சும் ஈடு கட்டறார்.”

“வக்கீல்தானே. எதிர்க்கட்சி சாட்சியைப் பாக்காம எழுந்துக்க மாட்டார்” என்று சொல்லி நீரஜா அவனுக்கு இன்னொரு கரண்டி ரசம் விட்டாள். “வடிவேலு?”

“அவன் எந்தக் கை வந்தாலும் குவிக்கறான். காத்துல வீடு கட்டற கான்ட்ராக்டர்.”

இப்படிக் கேட்டுக் கேட்டே, அந்த மேஜையை ஒரு தடவைகூடப் பார்க்காமல், ஆண்களின் ஆட்டம் அவளுக்குப் பாடமாகிவிட்டது.

1936-ல் சங்கத்துக்கு மாடி கட்டினார்கள். மேலே ஒரு பெரிய ஹால். மூன்று பக்கமும் ஜன்னல். பிற்பகலில் கடற்காற்று நேரே வரும். சனிக்கிழமைகளில் அதைத் தங்களுக்குத் தர வேண்டுமென்று பெண்கள் கேட்டார்கள். தையல் வகுப்பு, பாட்டு வகுப்பு, பிரசவ காலத்து ஆலோசனைக்கு ஒரு லேடி டாக்டர் என்று விஜயலக்ஷ்மி அம்மாள் காரணங்களை அடுக்கினாள். ஆண்களோ அதைச் சீட்டாட்டத்துக்கென்று மனசுக்குள் ஒதுக்கிவிட்டிருந்தார்கள். பொதுக்கூட்டத்தில் பேச்சு நீண்டது. காரியதரிசி ஸ்ரீனிவாசராகவன் எழுந்து, கோர்ட்டில் பேசும் தோரணையில், “சரி, சீட்டாட்டத்துல எங்களை ஜெயிச்சுட்டு மாடியை எடுத்துக்கோங்கோ” என்றார். ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு.

சிரிப்பு அடங்கியதும் நீரஜா எழுந்தாள். “போக்கரா?”

ராகவன் திரும்பிப் பார்த்தார். “போக்கரே இருக்கட்டும்.”

“அப்படின்னா ஒத்துண்டோம். இத்தனை பேர் முன்னாடி சொல்லியிருக்கேள்.”

வக்கீலுக்குப் பின்வாங்க இடமில்லை. ஆண்கள் தரப்பில் மூன்று பேர், பெண்கள் தரப்பில் மூன்று பேர் என்று பேசினார்கள். ஆனால் பெண்களில் ஆடத் தெரிந்தவர்கள் ஆண்களோடு ஒரே மேஜையில் உட்காரத் தயாராக இல்லை. கைசர் ஜஹான் வருவதாயிருந்தால் தட்டிக்குப் பின்னால்தான். விஜயலக்ஷ்மி அம்மாள் தன் ஆட்டத்தின் லட்சணம் தனக்கே தெரியும் என்று கழன்றுகொண்டாள்.

“நான் ஒருத்தியே மூணு பேரோடயும் ஆடறேன்” என்றாள் நீரஜா. 

வீட்டில் ஸ்ரீரங்கன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்து ஆடிக்கொண்டே இருந்தான். பிறகு, “மயிலாப்பூர்ல அப்பா காதுக்குப் போனா என்ன சொல்றது?” என்றான்.

“உண்மையைச் சொல்லுங்கோ. நான் ஜெயிச்சுட்டேன்னு.”

அவன் காது சிவந்தது. ஆனால் சிரித்துவிட்டான்.

சனிக்கிழமை பிற்பகல் மாடி ஹால் நிரம்பிவிட்டது. ஒரு பக்கம் ஆண்கள். எதிர்ப்பக்கம் மூங்கில் தட்டிக்கு முன்னாலும் பின்னாலுமாகப் பெண்கள். நடுவில் மேஜை. எல்லாருக்கும் சமமாகப் புளியங்கொட்டை. ஆண்கள் தரப்பில் ராகவன், வடிவேலு, மூன்றாவதாக நூர் முஹம்மது. இந்தக் கடைசிப் பெயரைக் கேட்டதும் நீரஜாவுக்கு முதல் அடி விழுந்தது. அவர் தோல் வியாபாரி. பினாங்கிலிருந்து சமீபத்தில்தான் திரும்பியிருந்தார். ஸ்ரீரங்கன் அவரோடு ஒரு நாளும் ஆடியதில்லை. மெலிந்த மனிதர், துருக்கித் தொப்பி, மேஜையருகே வந்ததும் அவளுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

வடிவேலு ஆரம்பத்திலேயே குவிக்கத் தொடங்கினார். “இந்தா, இன்னும் கொஞ்சம். இன்னாம்மா, வர்றியா?” நீரஜா கவிழ்த்தாள். மறுபடி கவிழ்த்தாள். மறுபடியும். தட்டிப் பக்கம் பெருமூச்சுகள் கேட்டன. அவளுக்குத் தெரியும், இந்த மனிதரோடு சண்டை போடக் கூடாது. நல்ல கை வரும்வரை காத்திருந்து, வந்ததும் வாயைத் திறக்காமல் ஈடு மட்டும் கட்டிக்கொண்டு போக வேண்டும். குவிக்கிற வேலையை அவரே பார்த்துக்கொள்வார்.

இரண்டு ராஜா வந்தது. மாற்றியதில் இரண்டு ஐந்தும் சேர்ந்தது. வடிவேலு கட்டினார், அவள் யோசிப்பதுபோல் நெற்றியைத் தடவிக்கொண்டு ஈடு கட்டினாள். மேலும் கட்டினார், அவளும் தயங்கித் தயங்கிக் கட்டினாள். சீட்டைத் திருப்பினால் அவரிடம் இருந்தது ஒரே ஒரு ஜோடி, அதுவும் மூன்றாம் நம்பர். பெண்கள் பக்கம் முதல் தடவையாகக் கைதட்டல் எழுந்தது. வடிவேலுவுக்குச் சூடு ஏறிவிட்டது. அடுத்த கையிலேயே மிச்சம் அத்தனையையும் நடுவில் தள்ளினார். நீரஜாவிடம் மூன்று ராணி.

அவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். “நாம செங்கல்லு அடுக்கத்தான் லாயக்கு. யம்மா, நீ கெட்டிக்காரிதான்.”

ராகவனுக்கு நேர் எதிரான மருந்து. அவரிடம் ஒரு பொய்கூடச் செல்லாது. ஒன்றும் இல்லாதபோது நீரஜா உடனே விலகினாள். ஐந்தும் சிவப்பு ஆட்டின் சீட்டாக, ஒரே இனமாக அமைந்த கை வந்தபோது, முன்பின் யோசிக்காமல் இரண்டு கையாலும் கொட்டையை அள்ளி வைத்தாள். ராகவன் அவளைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார். தோற்கப்போகிறோம் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

“நல்ல கைதான் வச்சிண்டிருக்கேள். தெரியறது” என்றார். “ஆனா என்னன்னு பாக்காம ஆத்துக்குப் போனா எனக்குச் சாப்பாடு இறங்காது.”

ஈடு கட்டினார். பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டே நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார்.

இப்போது மேஜையில் இரண்டு பேர். நீரஜாவின் பக்கம் கொட்டை மலைபோல் இருந்தது.  மாடி கைக்கு எட்டிவிட்டது என்றே நினைத்தாள். நூர் முஹம்மது அதுவரை பெரும்பாலும் கவிழ்த்துக்கொண்டுதான் இருந்தார். இவர் ஜாக்கிரதைப் பேர்வழி, நிச்சயம் இருந்தால் ஒழிய வர மாட்டார் என்று அவள் முடிவு கட்டினாள். அப்படிப்பட்டவரை மிரட்டித்தான் வாங்க வேண்டும். மிரட்டினாள். கையில் ஒன்றும் இல்லாமல் கட்டினாள், அவர் கவிழ்த்தார். மறுபடி கட்டினாள், கவிழ்த்தார். சின்னச் சின்னக் குவியல்களாக வந்துகொண்டிருந்தன.

அடுத்த கையில் அவர் கவிழ்க்கவில்லை. ஒரு சீட்டு மட்டும் மாற்றிக்கொண்டு, கொஞ்சமாக, கூச்சப்படுபவர்போல், கட்டினார். நீரஜா அதன் மேல் ஏற்றிக் கட்டினாள். அவர் சற்று யோசித்து ஈடு கட்டினார். விட்டுவிடுவார், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் விட்டுவிடுவார் என்று அவள் மேலும் குவித்தாள். அவர் மெதுவாக ஈடு கட்டிவிட்டுச் சீட்டைத் திருப்பினார். நான்கு பத்து.

ஹாலில் ஆண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். நீரஜாவின் மலையில் ஒரு பெரிய பங்கு எதிர்ப்பக்கம் போய்விட்டது. அந்தச் சமயத்தில் காபி, பஜ்ஜி வந்தது. ஆட்டம் நின்றது.

தட்டிக்குப் பின்னால் கைசர் ஜஹான் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். 

“அந்த ஆளு இவ்ளோ நேரமும் சீட்டைப் பாக்கல நீரஜாம்மா” என்றாள் கைசர் ஜஹான். “உங்களைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. நீங்க வடிவேலு கிட்ட ஒரு மாதிரி, வக்கீல் கிட்ட ஒரு மாதிரி ஆடினீங்களே, அதையெல்லாம் பாத்தாரு. இப்ப அவரும் அதையே செய்யறாரு.”

நீரஜா காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்தாள். தன்னைப்போல் ஆடுகிற ஒருவரை அவள் இதுவரை சந்தித்ததே இல்லை.

திரும்ப உட்கார்ந்தபோது அவளுக்கு உண்மையிலேயே பயம். சுமாரான கைகளைக்கூடக் கவிழ்த்தாள். ஒரு தடவை இரண்டு ராஜா வைத்திருந்தும் சின்னப் பந்தயத்துக்கே விட்டாள்; கவிழ்க்கும்போது கைநடுங்கி ஒரு ராஜா மேல்பக்கமாக விழுந்துவிட்டது. நூர் முஹம்மது அந்த ராஜாவைப் பார்த்தார்.  அடுத்த கையிலிருந்து அவர் கட்டுவது பெரிதாயிற்று. அவள் கவிழ்த்தாள். இன்னும் பெரிதாயிற்று.

அப்போதுதான் நீரஜாவின் உடம்பில் சுரீரென்று ஒன்று ஓடியது. இந்த மனிதர் மாறிவிட்டார். பயந்தவளிடம் எப்படி ஆட வேண்டுமோ அப்படி ஆட ஆரம்பித்துவிட்டார். இப்போது அவர் ஆடுவது அந்த ராஜாவைக் கீழே போட்ட நீரஜாவோடு. அவள் அப்படியே இருந்தால் போதும்.

பயம் போய்விட்டது. ஆனால் முகத்திலிருந்து அதைப் போக விடவில்லை. இன்னும் சில கைகள் வேண்டுமென்றே பயந்தாள். ஆண்கள் பக்கம் அலட்சியமாகப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. ஸ்ரீரங்கன் ஜன்னலோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவனால் பார்க்க முடியவில்லை.

அவளுக்கு இரண்டு ஒன்பது வந்தது. மூன்று சீட்டு மாற்றினாள், ஒன்றும் சேரவில்லை. வெறும் ஒன்பது ஜோடி. நூர் முஹம்மது ஒரு சீட்டுகூட மாற்றவில்லை. அப்படியே வைத்துக்கொண்டார். மாற்றத் தேவையில்லாத கை என்றால் அது பெரிய கை. பிறகு அவளிடம் எவ்வளவு மிச்சமிருக்கிறதோ அவ்வளவையும் கண்ணால் அளந்து, அத்தனைக்கும் சமமாகத் தன் கொட்டையை நடுவே தள்ளினார். ஈடு கட்டித் தோற்றால் எல்லாம் முடிந்தது.

 கீழே தெருவில் ஒரு ஜட்காவின் மணி கேட்டது.

நீரஜா குவியலைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். நான்கு பத்து இருந்தபோது இவர் எப்படிக் கட்டினார்? கொஞ்சமாக. கூச்சத்தோடு. அவள் ஓடிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு கொட்டையாக வைத்தார். இப்போது மட்டும் ஏன் இவ்வளவு? நல்ல கை இருப்பவர் எதற்காக என்னை இப்படித் துரத்துகிறார்?  தப்பாக இருந்தால் விஜயலக்ஷ்மி அம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒரு நினைப்பு வந்து போயிற்று.

“ஈடு கட்டறேன்” என்றாள். குரல் தெளிவாகத்தான் வந்தது.

நூர் முஹம்மது தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒரு ஆசு. ஒரு ராணி. ஏழு. ஆறு. இரண்டு. ஜோடிகூட இல்லை.

நீரஜா தன் ஒன்பது ஜோடியை வைத்தாள். யார் முதலில் எழுந்தார்களோ தெரியாது, தட்டி சரிந்து விழுந்துவிட்டது. விஜயலக்ஷ்மி அம்மாள் நாற்காலி மேல் ஏறியே நின்றுவிட்டாள். ஸ்ரீரங்கன் ஜன்னலிலிருந்து திரும்பி, “என்ன ஆச்சு, என்ன ஆச்சு” என்று பக்கத்திலிருந்த வடிவேலுவை உலுக்கினான். “உன் சம்சாரம் கெலிச்சிடுச்சு நைனா, வேற இன்னா” என்றார் வடிவேலு.

நூர் முஹம்மதிடம் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அதையும் ஒழுங்காக ஆடித் தோற்றார். எழுந்திருக்கும் முன் அவளிடம் கேட்டார். “ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. எங்க கண்டுபிடிச்சீங்க?”

“உங்க கிட்ட நெஜமான கை இருந்தப்போ நீங்க என்னை உள்ளே வா, வான்னு கூப்பிட்டேள். இப்போ வெளியே போன்னேள்.”

அவர் சீட்டுகளை ஒன்றுசேர்த்து அடுக்கி வைத்தார். “அந்த ராஜா விழுந்ததே, அது வேணும்னு போட்டதா?”

“இல்லை. கை நடுங்கித்தான் விழுந்தது.”

“அப்ப நான் பாத்தது தப்பில்ல” என்று சிரித்துவிட்டு, அவளுக்கு மறுபடி ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனார்.

மாடி ஹால் சனிக்கிழமைகளில் பெண்களுக்கு என்று ஸ்ரீனிவாசராகவன் மறுவாரமே பலகையில் எழுதி மாட்டினார். அதில் அவர் குறை வைக்கவில்லை. மயிலாப்பூரில் விஷயம் பரவியது. மாமனார் ஒரு மாதம் பேசவில்லை. நீரஜாவின் பெரியம்மா, சூதாடுகிறவள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினாள். பிறகு மாடியில் லேடி டாக்டர் வருகிறாள் என்று கேள்விப்பட்டு, முழங்கால் வலியைக் காட்ட அவளே படியேறி வந்தாள். வந்தவள் காற்று நன்றாக இருக்கிறது என்று சாயங்காலம்வரை உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

நீரஜா ஆண்களோடு அதற்குப் பிறகு ஆடவில்லை. யாரும் கூப்பிடவில்லை என்பதும் ஒரு காரணம். மாடியில் தையல் மெஷின்கள் வந்தன, பாட்டு வகுப்பு நடந்தது, ஒரு மூலையில் புளியங்கொட்டை டப்பாவும் இருந்தது. அடுத்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, புர்கா அணிந்த ஒரு பெண்மணி படியேறி வந்து முகத்திரையை விலக்கினாள். பெயர் கமர் ஜஹான். நூர் முஹம்மதின் மனைவி. நீரஜாவுக்கு எதிரே உட்கார்ந்து, “எனக்கு ஆட்டம் ஒண்ணும் தெரியாதுங்க. சொல்லிக் குடுப்பீங்களா?” என்று கேட்டாள்.

நீரஜா சீட்டைக் கலைத்துக்கொண்டே அந்த முகத்தைப் பார்த்தாள். சொல்வது நிஜமா பொய்யா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. உற்சாகத்தில் அவள் உடம்பு நிமிர்ந்தது. ஆளுக்கு ஐந்து சீட்டுப் போட்டாள்.